ஆடாத மேசை

பிப்ரவரி 4

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது.

நீ, உன் வீட்டுக்காரி, சின்னவள் எல்லாரும் சுகம்தானே? சின்னவளுக்கு இருமல் விட்டதா? என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. மனசுக்குத்தான் போன வாரம் வாங்கிய மேசையைப் பார்க்கும்போதெல்லாம் குமட்டுகிறது.

அதை மேசை என்று சொல்வதே பாவம். யானையே ஏறி நிற்கலாம் என்றான் கடைக்காரன். யானை எதற்கு, நான் அச்சைத் தட்டுகிற மரக் கொட்டாப்புளியைக் கையில் எடுத்தாலே அதற்கு நடுக்கம் வந்துவிடுகிறது. என் வேலை உனக்குத் தெரியும். ஈரத்தோலைக் கல்மேல் விரித்து, கத்தியால் கொடியும் பூவும் கீறி, அப்புறம் இரும்பு அச்சை நிமிர்த்திப் பிடித்துத் தட்ட வேண்டும். ஒரு தட்டுக்கு ஒரு அச்சு. மேசை துள்ளினால் அச்சும் துள்ளி, பக்கத்திலேயே இன்னொரு தடம் போடுகிறது. இலைக்கு ஒரு நரம்பு போதாதா? என் இலைகளுக்கு இரண்டிரண்டாக ஓடுகிறது. இது மரமில்லை, இழைத்துத் தள்ள. தோலில் விழுந்த தடம் விழுந்ததுதான்.

ஒரு ஹோட்டல் வேலை வந்திருக்கிறது. சாப்பாட்டுக் கூடத்து நாற்காலிகளுக்கெல்லாம் முதுகுத் தோல், ஒவ்வொன்றிலும் கொடி வேலை. ஆகஸ்ட் பிறந்ததும் கொடுக்க வேண்டும். மேனேஜர் முதல் துண்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "கையால செஞ்சதுன்னா கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருக்கும்" என்று பெருந்தன்மை காட்டினார். காறித் துப்பலாம் போலிருந்தது. கையால் செய்தால் கோணல்தான் என்று இவருக்கு யார் சொன்னது? இந்த வேலை ஒழுங்காக முடிந்தால் நான் என் பேரில் தொழில் செய்பவள். முடியாவிட்டால் மறுபடியும் அந்த பெல்ட் கடையில் உட்கார்ந்து துளை போட வேண்டியதுதான்.

இன்னொன்று. சத்தம் கீழே இறங்கக்கூடாது. நான் தோல் அடுக்கி வைத்திருந்த கீழறையில் இப்போது ஒரு ஆள் இருக்கிறது. வயசானது. நான் தட்டத் தொடங்கினால் அது தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துகிறது, வாயில் வராத வார்த்தை இல்லை. இன்னொரு தடவை இந்த ரகளை நடந்தால் காலி பண்ணு என்று வீட்டுக்காரம்மா சொல்லிவிட்டாள். ஆடவும் கூடாது, அதிரவும் கூடாது. அப்படி ஒரு மேசை உன்னால்தான் முடியும்.

உடம்பைப் பார்த்துக்கொள். மரத்தூளில் வாயைத் திறந்துகொண்டு பாடாதே.

அக்கா


பிப்ரவரி 13

அக்காவுக்கு,

இங்கே மூவரும் சௌக்கியம். சின்னவளின் இருமல் போய்விட்டது. எங்கே போயிற்று என்றால் எனக்கு வந்திருக்கிறது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அப்புறம் மேசை கடையில் வாங்கியது என்பதைப் பார்த்தேன். சரி, கூடம் கோணல்தான். இப்போதெல்லாம் மரத்தில் எவன் மேசை செய்கிறான்? மரத்தூளைப் பசையில் குழைத்து, மேலே மரத்தின் போட்டோவை ஒட்டி விற்கிறான். அதில் போய் ஈரத்தோல் வைக்கிறாய். இன்னும் இரண்டு மாதத்தில் ஊறிய ரொட்டி மாதிரி உப்பும், பார். போன மாதம் அதுபோல் ஒன்றை ரிப்பேருக்கு என்று பட்டறைக்குக் கொண்டு வந்தார்கள். தொடவே கை கூசியது. திருப்பி அனுப்பிவிட்டேன்.

போனில் பேசினால் ஒரு நிமிஷத்தில் முடியுமே என்கிறாள் இவள். என் ஒற்றைக் காதுக்குப் போனில் உன் குரலும் பட்டறை ரம்பமும் ஒன்றாகத்தான் கேட்கும். அதனால் எழுதியே கேட்கிறேன். மேசை போடப்போகிற அறையில் கனமான சுவர் எது? அது கீழிருந்தே எழும்பி வருகிற சுவரா, நடுவில் வைத்த சுவரா? அறை நடுவில் நின்று ஒரு தடவை குதித்துப் பார், தரை அதிர்கிறதா என்று தெரியும். கீழே அந்த ஆளின் கட்டில் எந்த மூலையில் கிடக்கிறது? மூலைக்கு மூலை கணக்கு மாறும்.

கடைசியாக ஒன்று. சத்தமே ஆகாத மனுஷர், சுத்தியல் அடிக்கிற பொம்பளைக்குக் கீழே ஏன் குடி வந்தார்? வேறு அறையே கிடைக்கவில்லையா? யார் அவர்?

உடம்பைக் கவனி. குதிக்கும்போது ஜாக்கிரதை.

தம்பி


பிப்ரவரி 22

அன்புத் தம்பிக்கு,

இருமலுக்கு வெந்நீர் குடி. நான் நலம். குதித்தும் பார்த்தாயிற்று. இந்த வயசில் எனக்கு இது தேவையா? ஜன்னல் கண்ணாடி கிணுகிணுத்தது, வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்தாள், கரப்பான் பூச்சி என்று சொல்லிச் சமாளித்தேன்.

தெருப்பக்கத்துச் சுவர்தான் கனம். கீழிருந்து மேல்வரை ஒரே சுவர். நடுத்தரை அதிர்கிறது, சுவரோரம் அதிரவில்லை. கட்டில் எதிர்ப்பக்க மூலையில் கிடக்கிறது.

கீழே வைத்திருந்த தோல்களையெல்லாம் மேலே ஏற்றிவிட்டேன். இப்போது தோல்களுக்கு நடுவில்தான் படுக்கிறேன். ஏற்றுவதற்குள் நல்ல தோல் ஒன்று ஈரம் பட்டுக் கறை பிடித்துவிட்டது. பார்த்துப் பார்த்துப் பொறுக்கி வாங்கியது. மூக்கைப் பொத்திக்கொண்டு குப்பையில் போட்டேன். அந்த நாற்றம் இன்னும் போகவில்லை. எத்தனை தடவை கை கழுவினாலும் சோற்றில் வருகிறது.

கத்தாத நேரத்தில் அது கட்டில் கம்பியில் தடியால் அடிக்கிறது. இரண்டு மெதுவாக, மூன்றாவது ஓங்கி. அதைக் கேட்டால் அச்சு என் கையிலேயே நழுவுகிறது. யார் என்று கேட்டிருந்தாய். ஒரு கிழம். போக்கிடம் இல்லாதது. அதைப் பற்றி எழுதி நல்ல தாளை ஏன் அழுக்காக்க வேண்டும்? நீ மேசையைச் சொல்.

உன் வீட்டுக்காரியைக் கேட்டதாகச் சொல்.

அக்கா


மார்ச் 5

அக்காவுக்கு,

நலம். இருமல் அடங்கிவிட்டது. வெந்நீரால் இல்லை, தானாக.

மேசையைச் சொல்கிறேன், கேள். பழைய பள்ளிக்கூடம் ஒன்றை இடித்தபோது அதன் உத்தரங்களை வாங்கி வைத்திருந்தேன். காய்ந்து இரும்பாகக் கிடக்கின்றன. நாலு காலும் அதில்தான். ஒவ்வொரு காலும் என் தொடை கனம் இருக்கும். ஆணி ஒன்றுகூடக் கிடையாது. ஒரு கட்டையின் முனையில் கழுந்து செதுக்கி, அடுத்த கட்டையின் துளையில் இறக்கி, ஆப்பு அடித்து இறுக்குவேன். மேலே பலகையைப் படுக்கப் போடாமல், நிறுத்தி வைத்து ஒன்றோடொன்று ஒட்டப்போகிறேன். அப்போதுதான் வளையாது. கீழ்த்தட்டில் ஒரு பெட்டி, அது நிறையக் காய்ந்த மணல். மிச்சம் மீதித் துள்ளலை மணல் தின்றுவிடும்.

கல்லை நடுவில் வைக்காதே. எந்த மேசையும் நடுவில்தான் துள்ளும். வலது முன்காலுக்கு நேர் மேலே கல் உட்கார வேண்டும். உன் தட்டு கல்லில் விழுந்து, மரத்தில் இறங்கி, நேராகக் காலுக்குப் போய்விடும். கல்லுக்கும் மரத்துக்கும் நடுவில் ஒன்றும் வரக்கூடாது, ஒரு துணிகூட. ரப்பர் எல்லாம் காலுக்கு அடியில் மட்டும். ஆலையில் ஓடித் தேய்ந்த பெல்ட்டை வெட்டி அடுக்கி வைக்கிறேன். சத்தம் அங்கேயே செத்துவிடும். கனச்சுவரோரம் போடு, ஆனால் மேசை சுவரைத் தொடாமல் ஒரு விரல் தள்ளி நிற்கட்டும்.

உதவிக்கு ஒரு ஆளை வைத்திருந்தேன். கழுந்து தளர்வாக இருக்கிறதே என்று கேட்டால், "ஒரு ஆணி அடிச்சா சரியாப் போயிடும்ணே, யாருக்குத் தெரியப் போவுது" என்றான். அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பினேன். ஆடுகிற சாமான் எனக்கு ஆகவே ஆகாது. காரணம் உனக்குத் தெரியும்.

அந்தக் கிழம் யாருடைய கிழம் என்று நீ எழுதவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

தம்பி


மார்ச் 12

அன்புத் தம்பிக்கு,

எல்லாரும் நலம் என்று நம்புகிறேன். எனக்குத் தூக்கம்தான் கொஞ்சம் குறைவு.

நீ சொன்ன மேசை நன்றாக இருக்கிறது. ஒரே ஒரு மாற்றம் செய்து கொடு. கல்லுக்கும் மரத்துக்கும் நடுவில் நாலு விரல் கனத்துக்கு மெத்தைப் பஞ்சு வேண்டும், இல்லை கெட்டி ரப்பராவது. காலுக்கு அடியில் வைப்பதை எவ்வளவு வேண்டுமானாலும் வை, மேலேயும் வேண்டும். இப்போது மடித்த போர்வைமேல் கல்லை வைத்துத்தான் தட்டுகிறேன். கத்தல் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

அச்சு சரியாக விழவில்லைதான். பார்த்துக்கொள்கிறேன். ஹோட்டல்காரருக்குத்தான் அப்படி இப்படி இருந்தால் போதுமே. சாப்பிட வருகிறவன் முதுகில் இலை நரம்பையா எண்ணப் போகிறான்?

வீட்டுக்காரம்மா நேற்றும் வந்து வாசலில் நின்றாள். முகத்தைச் சுளித்துக்கொண்டு மூக்கை முந்தானையால் மூடினாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

சீக்கிரம் செய்து அனுப்பு.

அக்கா


மார்ச் 20

அக்காவுக்கு,

இங்கே நலம். நீ நலமில்லை. உன் கடிதமே சொல்கிறது.

அக்கா, நான் முட்டாள் இல்லை. கல்லுக்கு அடியில் மெத்தை போட்டுத் தட்டுவது ஊஞ்சலில் உட்கார்ந்து ஊசி கோக்கிற கதை. இது எனக்குத் தெரிந்ததே உன்னிடமிருந்துதான். கல்லுக்கு அடியில் ஒரு கம்பளித் துணியை விரித்துத் தந்தான் என்று ஒரு கடைக்காரனை நீ நாறடித்துவிட்டு வந்தவள். அந்த வாய் இப்போது, யார் நரம்பை எண்ணப் போகிறான் என்கிறது. என் பட்டறையில் துரத்திவிட்டேனே ஒருவனை, அவன் பேச்சும் இதேதான். வீட்டுக்காரம்மாவுக்குப் பயந்து நீ உன் வேலையைக் கெடுத்துக்கொள்ள மாட்டாய். வீட்டை மாற்றுவாய், வேலையைக் கெடுக்க மாட்டாய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாய்.

முந்தாநாள் சாப்பிடும்போது சின்னவள் கரண்டியால் தட்டைத் தட்டி விளையாடிக்கொண்டிருந்தாள். நீ எழுதியது நினைவுக்கு வந்து நானும் தட்டிப் பார்த்தேன். இரண்டு மெதுவாக, மூன்றாவது ஓங்கி. தட்டின கை தானாகக் காதுக்குப் போய்விட்டது. நம் வீட்டில் தண்ணீர் வேண்டுமென்றால் வாயைத் திறக்காமல் இப்படித் தட்டுகிற ஆள் ஒருவர்தான் இருந்தார். அம்மா கையில் இருப்பதைப் போட்டுவிட்டுச் செம்போடு ஓடுவாள்.

அவர் பலகை அறுக்கும்போது நான் ஆடாமல் பிடிக்கவில்லை என்று விட்ட ஒரே அறையில் போன காது இது. போன பிறகு "செவிடா" என்று பேர் வைத்துக் கூப்பிட்டவரும் அவர்தான். அவர் இன்னொருத்தியோடு வேறு வீடு பார்த்துக்கொண்டு போனபோது நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் தலைமுழுகினோம்.

கீழே கிடப்பது அப்பாவா? வேறொன்றும் எழுதாதே. ஆம், இல்லை, இரண்டில் ஒன்று.

தம்பி


ஏப்ரல் 2

அன்புத் தம்பிக்கு,

நலம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நினைக்கிறேன்.

புது மேசைக்குப் புதுக் கல் வாங்கிவிட்டேன். சமையல் மேடை போடுகிறவர்களிடம் வெட்டியது போக மிஞ்சிய கருங்கல். மேல்பக்கம் வழவழப்பு, விரல் ஓட்டினால் ஒரு பிசிறு இல்லை. நாலு மூலையிலும் தட்டிப் பார்த்தேன், எங்கும் விரிசல் சத்தம் இல்லை. இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். ஒவ்வொரு படிக்கும் ஒரு துப்பு. அதையும் நான்தான் கழுவினேன். இப்போதெல்லாம் அடுத்தவர் வாயிலிருந்தும் உடம்பிலிருந்தும் வருவதைக் கழுவுவதே எனக்கு வேலையாகிவிட்டது.

கல் என் முழங்கை நீளத்துக்கு ஒன்றரை மடங்கு, அகலம் ஒரு முழம், கனம் மூன்று விரல். மேசைக்கு இது போதுமா?

சின்னவளுக்கு முத்தம்.

அக்கா


ஏப்ரல் 9

அக்காவுக்கு,

நலம். நான் கல்லைப் பற்றிக் கேட்கவில்லை.

தம்பி


ஏப்ரல் 17

தம்பி,

ஆம்.

ஜனவரியில் ஒருநாள் அந்த வீட்டுப் பிள்ளைகள் ஆட்டோவில் கொண்டு வந்து வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள். கூட ஒரு பை, பை நிறைய மூத்திரம் ஊறிய துணி. "எங்க பங்குக்கு நாங்க பாத்துட்டோம்" என்றான் பெரியவன். நான் வாயைத் திறப்பதற்குள் ஆட்டோ திரும்பிவிட்டது. படியில் உட்கார வைத்திருந்தார்கள். உட்கார முடியாமல் சரிந்துகொண்டே இருந்தார். ஒரு பக்கம் கையும் காலும் விளங்கவில்லை. தெருவே நின்று பார்த்தது. ஒரு நாள் இருக்கட்டும் என்று கீழறையில் படுக்க வைத்தேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன்.

பாசமா என்று கேட்டுவிடாதே. பாசம் இருந்தால் வாந்தி வருமா? தினமும் வருகிறது. துடைக்கும்போது ஒரு தடவை, துணி அலசும்போது ஒரு தடவை. அந்தத் தோல் கறை பிடித்தது என்று எழுதினேனே, தண்ணீரால் இல்லை. வேண்டுமென்றே செய்தாரா, முடியாமல் செய்தாரா, தெரியாது. சிரித்த மாதிரி இருந்தது. வாய் கோணிப்போனதால் எப்போதும் சிரித்த மாதிரிதான் இருக்கிறது. அந்த முகத்தில் சோறு ஊட்டுகிறேன். பாதி நாள் அந்த வீட்டு மகளின் பேரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுகிறார். நானும் என்ன என்று கேட்டுக்கொண்டு போகிறேன். என்னைப் பார்த்தாலே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

பின்னே ஏன் வைத்திருக்கிறாய் என்பாய். வாசலில் நாய் செத்துக் கிடந்தால் யாராவது எடுத்துப் போட வேண்டும் இல்லையா? அதுபோலத்தான் முதலில் நினைத்தேன். ஆனால் இது சாகவில்லையே. உயிரோடு கிடப்பதை எங்கே கொண்டுபோய்ப் போடுவது? முதியோர் இல்லங்களில் விசாரித்தேன். சொந்தக்காரர்கள் இல்லாதவர்களுக்குத்தான் இடம் என்கிறார்கள்.

உன்னிடம் மறைத்தது, தெரிந்தால் மேசை செய்ய மாட்டாய் என்றுதான். உன் காதைப் போக்கியவர் நிம்மதியாகத் தூங்குவதற்கு உன் கையாலேயே மேசை கேட்கிறேன். இதை எழுதும்போது எனக்கே சீ என்றிருக்கிறது. ஆனால் அவர் கத்தினால் வீடு போகும், வீடு போனால் இந்த வேலை போகும். இவரோடு என்னை வேறு எவனும் குடி வைக்க மாட்டான்.

திட்டியாவது எழுது.

அக்கா


ஜூன் 1

அக்காவுக்கு,

நலம் விசாரிக்க மனசில்லை. மேசை இன்னும் பத்து நாளில் லாரியில் வருகிறது. டிரைவர் எனக்குத் தெரிந்த ஆள், மாடிக்கு ஏற்றி, ஆப்பு அடித்து இறுக்கிக் கொடுப்பான். மணலை நீ அங்கேயே வாங்கிக்கொள். நன்றாகக் காய்ந்ததாக இருக்கட்டும். நான் வரவில்லை.

உன் கடிதம் வந்த அன்றே கட்டைகளைச் சுவரோரம் சாய்த்துத் துணி போட்டு மூடினேன். ஒரு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. இவள்தான் இரண்டு தடவை, அக்கா என்ன பாவம் செய்தார் என்று கேட்டாள். அவளையும் திட்டினேன். பிறகு எதற்குத் துணியை எடுத்தேன் தெரியுமா? அந்த மேனேஜர் உன் இலையைத் தடவி, கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருக்கும் என்றானே, அது மண்டைக்குள் குடைந்துகொண்டே இருந்தது. அந்த ஆளுக்காக நீ மட்டமான வேலை செய்து கொடுத்து, அதற்கு ஒருவன் பெருந்தன்மை காட்டுவதா? அதை நினைத்தால்தான் எனக்கு அதிகம் குமட்டுகிறது.

மேசை உனக்குச் செய்தது. அவருக்கு இல்லை. கல்லுக்கு அடியில் பஞ்சும் இல்லை, ரப்பரும் இல்லை. அந்தப் போர்வையைத் தூக்கி எறி. காலுக்கு அடியில் வைத்திருப்பது போதும், சத்தம் இறங்காது. என் வார்த்தையை நம்பு. மேசையின் பின்பக்கம் கயிற்றில் ஒரு சின்ன ஆப்பு தொங்கும். இப்போதைக்கு அதைத் தொடாதே.

வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை.

தம்பி


ஆகஸ்ட் 14

அன்புத் தம்பிக்கு,

நீ சுகமா? சின்னவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டாளா? மேசை வந்து இத்தனை நாளாகியும் எழுதவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. எழுதுகிற கையும் தட்டுகிற கையும் ஒன்றாக இருக்கிறது.

என்ன மேசை! டிரைவரும் இன்னொரு ஆளும் முக்கி முனகி ஏற்றினார்கள். மணல் கொட்டி, கல் வைத்து, தோலை விரித்து, ஒரு கிண்ணம் நிறையத் தண்ணீரைக் கல்லுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு ஓங்கித் தட்டினேன். தண்ணீர் அசையவில்லை. மறுபடி தட்டினேன். அசையவில்லை. அச்சை எடுத்துப் பார்த்தால் நரம்பு ஒற்றையாக, மயிரிழை மாதிரி ஓடியிருந்தது. கொஞ்ச நேரம் மேசைமேல் தலையை வைத்துப் படுத்துக்கிடந்தேன். ஹோட்டலுக்குப் பழைய துண்டுகளையும் திரும்பச் செய்து, எல்லாவற்றையும் கொடுத்தாயிற்று. அதே மேனேஜர் தடவிப் பார்த்தார். இந்தத் தடவை பெருந்தன்மை காட்டவில்லை. மேல்மாடிக் கூடத்து நாற்காலிகளையும் எனக்கே கொடுத்துவிட்டார்கள்.

இப்போது கூத்தைக் கேள். கீழே ஒரு பொட்டுச் சத்தம் இறங்கவில்லை. இரண்டு நாள் நிம்மதி. மூன்றாம் நாளிலிருந்து அழுகை. கத்தல் இல்லை, குழந்தை மாதிரி ஓயாத அழுகை. கம்பியில் அடிப்பதும் நிற்கவில்லை. இறங்கிப் போய் என்ன வேண்டும் என்று கேட்டேன். "சத்தம் கேட்டா தலை வலிக்குது. கேக்கலைன்னா நீ போயிட்டியோன்னு இருக்கு" என்றார். தூ என்று துப்பாத குறைதான். சத்தம் போட்டாலும் பாட்டு, போடாவிட்டாலும் பாட்டு. காலி பண்ணச் சொன்ன வீட்டுக்காரம்மா இருக்கிறாளே, இப்போது அவளுக்கு மனசு இளகிவிட்டது. "பெத்த அப்பனை இப்படி அழ விடலாமாம்மா" என்று எனக்குப் புத்தி சொல்கிறாள். மூக்கை மூடிக்கொண்டுதான் சொல்கிறாள்.

நேற்றுச் சோறு ஊட்டும்போது, மேலே சத்தம் ஏன் வரவில்லை என்று கேட்டார். புது மேசை என்றேன். யார் செய்தது என்றார். உங்கள் மகன் என்றேன். வாயிலிருந்த சோற்றை மெல்லாமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். நானும் ஏதோ வரப்போகிறது என்று கரண்டியோடு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் கேட்டார்:

"அவனுக்கு எந்தக் காது?"

அவருக்கு ஞாபகம் இல்லை, தம்பி. அடித்தது நினைவிருக்கிறது, எந்தப் பக்கம் என்று மறந்துவிட்டது. கிண்ணத்தை அங்கேயே வைத்துவிட்டு மேலே வந்துவிட்டேன்.

உன்னிடம் சொல்லாமல் இருக்கலாம் என்றுதான் பார்த்தேன். ஒரு தடவை மறைத்துப் பட்டது போதும். அந்த ஆப்பு எதற்கு? பெருக்கும்போதெல்லாம் தலையில் இடிக்கிறது.

அக்கா


ஆகஸ்ட் 25

அக்காவுக்கு,

நலம். சின்னவள் பள்ளிக்கூடம் போகிறாள், போகும்போது அழுகிறாள், வரும்போதும் அழுகிறாள். உன் நரம்பு ஒற்றையாக விழுந்தது என்று படித்ததும் பட்டறையில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். எதற்கு என்று சொல்லவில்லை.

எந்தக் காது என்று கேட்டாரா? சொல்லாதே. தினமும் தலை சாய்த்துத்தான் நான் ஆள் பேசுவதைக் கேட்கிறேன். சின்னவள் பிறந்தபோது நர்ஸ் அவளைத் தப்பான பக்கம் நின்று காட்டினாள், நான் திரும்புவதற்குள் அவளுடைய முதல் அழுகை அடங்கிவிட்டது. அவருக்கு மறந்துவிட்டதாம். உன் கடிதத்தைப் படித்துவிட்டு, இவள் வைத்த சோற்றைத் தள்ளிவிட்டு எழுந்தேன். அத்தனை வெறுப்பு. சத்தம் கேட்கவில்லை என்று அழுதால், பழகிவிடும் என்று சொல். எனக்குப் பழகிவிட்டது.

நீ வாரத்தில் ஒருநாளாவது ஒரு ஆளை வைத்துக்கொண்டு வெளியே போ. தோல் வாசனையும் அந்த வாசனையும் சேர்ந்தால் உடம்புக்கு ஆகாது.

தம்பி

பி.கு.: ஆப்பைக் கேட்டிருந்தாய். உண்மையைச் சொல்கிறேன். வன்மத்தில் செய்தது அது. காலுக்கும் தரைக்கும் நடுவில் அதைச் செருகி இரண்டு தட்டுத் தட்டினால், ரப்பர் இருந்தும் இல்லாத மாதிரி. நீ அடிக்கிற ஒவ்வொரு அடியும் நேராகக் கீழே இறங்கும். உன் வேலைக்கு ஒரு கெடுதலும் வராது. அவர் உன்னை ஏதாவது சொன்னால் செருகிவிட்டுச் சாயங்காலம் வரை அடி என்று எழுதத்தான் இருந்தேன். வதைக்கச் செய்தது அவருக்கு மருந்தாகப் போகிறதே என்று நினைத்தால் எரிகிறது. செருகுவதும் செருகாததும் உன் இஷ்டம். கல்லுக்குக் கீழே இருக்கிற வலது முன்காலில்தான் பொருந்தும், மற்றதில் பொருந்தாது.

வலது. அவர் கேட்டதற்கும் அதுதான் பதில்.